மூச்சு முட்டிய வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்குவதற்குப் பணம் வேண்டும். ஓட்டுவதற்குத் தைரியம் வேண்டும். கிளப்புவதற்குப் பொறுமை வேண்டும். முதலிரண்டும் எனக்கு ஒருவாறு கைகூடிவிட்டன. மூன்றாவது மட்டும் 1974-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

என்னுடையது பழைய ஜாவா. மைசூரில் செய்தது. இரண்டு பேரிடம் இருந்துவிட்டு, கும்பகோணத்தில் கைமாறி என்னிடம் வந்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக் குழாய்கள். உதைத்துக் கிளப்புகிற கம்பியே, வண்டி கிளம்பிய பிறகு கியர் போடும் கம்பியாகிவிடும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். 1996-ல் அந்தத் தொழிற்சாலையும் மூடிவிட்டது. 2020-க்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது. என் வண்டியின் கார்புரேட்டரிலோ ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலை அதிகப்படியாக ஊட்ட வேண்டும். கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரிதான். அளவு மீறினால் புரையேறிவிடும்.

அந்த வண்டியை வாங்கிய நாள் முதல் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. என் சம்பளச் சேமிப்பும் ஒரு தொடர்கதைக்கு வந்த சன்மானமும் சேர்ந்த பணம் அது. அதைக்கொண்டு நிலத்தில் போர் போடலாம் என்று அவர் நினைத்திருந்தார். நான் வாசலில் இரண்டு சக்கரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் அதை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். அன்று இரவு 11 மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். திண்ணையில் அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் பூனை உறுமுவது போல் ஒரு சத்தம். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கும்பகோணத்துக்குப் போய் டாக்டரை எழுப்பி ஒரு டெரிபிலின் ஊசி போட்டால் அடங்கும். ஆறு மைல். கடைசி பஸ் போய்விட்டது.

வண்டியைத் திண்ணையோரம் கொண்டுவந்தேன். பெட்ரோல் குழாயைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். அவசரத்தில் விரலை எடுக்கத் தோன்றவில்லை. பெட்ரோல் வழிந்து என் பாதம் நனைந்தது. உதைத்தேன். இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. போதவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினேன், மறுபடி உதைத்தேன். இருபது உதையாவது இருக்கும். வேஷ்டி நனைந்தது, முழங்கால் நொந்தது, வண்டி கேட்கவில்லை. அம்மா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "விளக்கோட தள்ளிப் போம்மா! பெட்ரோல்!" என்று கத்தினேன். அவள் பயந்து பின்வாங்கினாள்.

அப்போது திண்ணையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நிறுத்துடா... அதுக்கு... மூச்சு முட்டுது."

அப்பாவுக்கு மாடு தெரியும், நெல் தெரியும், எஞ்சின் தெரியாது. ஆனால் அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. பெட்ரோல் தண்ணீர் மாதிரி கிடந்தால் சிலிண்டருக்குள் எரியாது. ஆவியாகி, தன் எடையைப்போல் சுமார் 15 மடங்கு காற்றோடு கலந்தால்தான் ஒழுங்காக எரியும். என் வண்டியோ இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 1891-ல் காப்புரிமை பெற்ற தினுசு. கலவை நேரே மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் வயிற்றுக்குள் இறங்கி, அங்கிருந்துதான் மேலேறுகிறது. அதிகப்படி பெட்ரோல் அந்த வயிற்றில் குளமாகத் தேங்கிவிடும். உதைக்க உதைக்க அந்த ஈரம்தான் மேலே வந்து பிளக்கை நனைக்கும். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்திருப்பதால் அந்த ஈரம் லேசில் காயாது. நனைந்த பிளக்கில் பொறி ஏது? இதையெல்லாம் எனக்கு வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். "ஓவர்ஃப்ளோ ஆயிட்டா உதைக்காதீங்க சார், காத்து குடுங்க" என்பார். கேட்டுத் தலையாட்டியவன்தான் நான்.

பெட்ரோல் குழாயை மூடினேன். அந்த நெடி அப்பாவுக்கு ஆகாதென்பது அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டார்ச் வெளிச்சத்தில், சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை உதைத்தேன். பிளக் துவாரத்தின் வழியே பெட்ரோல் வெண்புகை போல் சீறி வெளியே வந்தது. பிளக்கை வேஷ்டித் தலைப்பில் துடைத்தேன். அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது.

ஐந்து நிமிஷம். அந்த இரவில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. திண்ணைக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவரை அப்படித் தொட்டதில்லை. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பிறகு பிளக்கை மாட்டினேன். பொத்தானைத் தொடவில்லை, குழாயையும் திறக்கவில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகியபடி உதைத்தேன். மூன்றாவது உதையில் பட், பட் என்று தயங்கி, தெருவையே மறைக்கிற வெள்ளைப் புகையோடு வண்டி உயிர் பெற்றது. புகை அடங்கிய பிறகு குழாயைத் திறந்தேன். அம்மா அப்பாவைப் பின்னால் ஏற்றிப் போர்வையைச் சுற்றிவிட்டாள். வழிநெடுக அவர் இரண்டு கைகளாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டு அரை மணிக்கெல்லாம் மூச்சு சீராகிவிட்டது. டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இரவைக் கழித்தோம். விடியற்காலையில் திரும்பும்போது, அரசலாற்றுப் பாலத்தின் மேல், பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வண்டி வாங்கி ஏழு மாதத்தில் அதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஏண்டா, லிட்டருக்கு எத்தனை மைல் போவும் இது?"

நான் பத்து மைல் கூட்டிச் சொன்னேன்.