உடல் கற்ற பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பணித்த மலராசிரியர், தமிழாசிரியனாகிய யான் இலக்கணமோ இலக்கியமோ பற்றி எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளும் கற்றலும் நினைவும் பற்றியதே. ஆயினும் அது மாணாக்கர் நெஞ்சில் நிகழ்வதன்று, குருதியில் நிகழ்வது. நம் பழைய மாணவருட் பலர் அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டமையின் அவர்க்கு இஃது உதவுமெனக் கருதுகின்றேன்.

வட அத்திலாந்திக் கடலிலே பரோத் தீவுகள் என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. 1781ஆம் ஆண்டு அங்கே சின்னமுத்துப் பரவிற்று. பின்னர் 65 ஆண்டு அந்நோய் தலைகாட்டவில்லை. 1846இல் அது மீண்டும் வந்தபோது, ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர். அதனை ஆராயச் சென்ற பானும் என்னும் இளம் தென்மார்க்கு மருத்துவர் வியப்பான ஒன்றைக் கண்டார். 1781இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியோருள் ஒருவரையேனும் அஃது இரண்டாம் முறை பற்றவில்லை. இளமையிற் கற்ற பாடத்தை அவர்தம் உடல் மறவாதிருந்தது.

பழம்பாடத்தை இவ்வாறு காக்கும் உடல், முதுமையிற் புதுப்பாடம் கற்க இடர்ப்படுகின்றது. மார்பெலும்பின் பின்னே தைமசு என்றொரு சுரப்பி உண்டு. என்பு மச்சையிற் பிறந்த நிணநீர்க் குழியங்களுள் ஒரு சாரன இங்கே வந்து, தன்னுடல் எது, பிறபொருள் எது எனப் பகுத்தறியப் பயில்கின்றன. ஜாக் மில்லர் என்னும் அறிஞர் 1961இல் அதன் தொழிலை வெளிப்படுத்தும்வரை, பயனற்ற உறுப்பென்றே அதனைப் பலர் கருதியிருந்தனர். இப்பள்ளிக்கூடம் பூப்புப் பருவத்தின் பின் சுருங்கிச் சுருங்கி, முதுமையிற் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகின்றது. புதிய மாணவர் வரவு குன்ற, எங்கும் பழைய மாணவரே நிறைந்திருக்கும் நிலை! எவருடலும் முன்னறியாத கொவிட் நோய் 2020இல் உலகெங்கும் பரவியபோது முதியோரே மிகுதியாய் மாண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். 2009இற் பரவிய இன்புளுவென்சாவோ இளையோரையே மிகுதியும் பற்றிற்று; அதனையொத்த கிருமிகளை இளமையிற் சந்தித்திருந்த முதியோர் பலர் தப்பினர்.

மந்த மாணாக்கனுக்கு உரக்கச் சொல்லுதல் எம் தொழில் வழக்கு. மருத்துவரும் அதனையே செய்கின்றனர்: 65 வயதைக் கடந்தோர்க்கென்று ஆக்கப்பட்ட இன்புளுவென்சாத் தடுப்பூசி ஒன்றில், வழக்கமான அளவின் நான்கு மடங்கு மருந்துப்பொருள் உண்டு.

ஆயினும் யான் வற்புறுத்த விழைவது வேறொன்று. முதிய உடல் முரசறையாமலே போரிடும். கடுந்தொற்றுற்ற முதியோருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்க்குச் சுரம் காய்வதில்லை. காயினும் சிறிதே காயும். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை எண்பது கடந்தவர். சென்ற மாரியில் ஒருநாட் காலை அவர் உணவை மறுத்தார். மகளைத் தம் தங்கையின் பெயரால் அழைத்தார். கைவிடாது படிக்கும் நூலையும் நாடவில்லை. தொட்டுப் பார்த்த அயலவர், "மேல் சுடவில்லை, வயது போனால் இப்படித்தான்" என்றனர். மகளார் அதனை ஏற்காது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். எக்ஸ்-கதிர்ப் படம் வலப்பக்க நுரையீரலில் அழற்சியைக் காட்டிற்று. இரண்டு நாள் தாமதித்திருப்பின் என்று தொடங்கிய மருத்துவர் அவ்வாக்கியத்தை முடிக்கவில்லை.

முதியோர் பலர்க்கு உடல் வெப்பம் இயல்பிலேயே தாழ்ந்திருக்கும். ஆதலின் நலமாயிருக்கும் நாளிலே அதனை அளந்து குறித்து வைத்தல் வேண்டும் என்றும், அதனினும் 1 பாகை செல்சியசுக்கு மேல் உயரின் சுரமென்றே கொள்ளுதல் வேண்டும் என்றும், திடீர்த் தடுமாற்றமும் உணவு வெறுப்பும் தொற்றின் அறிகுறிகளாகலாம் என்றும் அம்மருத்துவர் அறிவுறுத்தினார். ஆசிரியர் இப்போது நலம். மகளார் நாடோறும் ஒரு கொப்பியில் அளவைக் குறித்து வருகின்றார். அதன் முகப்பில் 'வெப்பனிலை' என்று எழுதியிருந்தாராம். ஆசிரியர் சிவப்பு மையாற் றிருத்தி, கீழே ஒப்பமும் இட்டிருக்கின்றார்.