ஒரு நாளைக்கு ஒரு மூலை

தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கு வருஷத்தில் இரண்டு சுத்தம். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல், குற்றாலத்து அருவிகளை நிரப்பிய கையோடு எங்கள் பீரோக்களில் பூசணத்தையும் ஏற்றிவிட்டுப் போகும். ஆவணியில் வெயில் சுள்ளென்று அடித்ததும் மெத்தை, கம்பளி, பட்டுச்சேலை, புத்தகம் எல்லாம் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறும். இது முதல் சுத்தம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் வானம் வெளுத்த பிறகு, பொங்கலுக்காகத் தொடங்குவது இரண்டாவது. அதுதான் பெரியது.

எங்கள் வீட்டில் அதை நடத்தியவள் ஆச்சி. அப்போதே அவளுக்கு முழங்கால் வலி. மாட்டைப் பார்க்க வேண்டும், நெல் அவிக்க வேண்டும், இத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும். அதற்கு நடுவில் வீடு முழுவதையும் ஒரே மூச்சில் புரட்டிப்போட அவள் ஒருநாளும் விட்டதில்லை. அம்மா வேகம் பிடித்தால், “ஏட்டி, ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும். மிச்சம் எங்க ஓடியா போவுது?” என்பாள்.

மார்கழி பிறந்ததும் முதலில் மச்சு. தூசி கீழேதான் இறங்கும் என்பதால் மேலிருந்து தொடங்க வேண்டும். நீளக் கம்பின் நுனியில் வாரியலைக் கட்டி நூலாம்படை அடிப்பது எங்கள் வேலை. மறுநாள் கூடமான பட்டாசல். இன்னொரு நாள் நெல் கொட்டிவைக்கும் குலுக்கையைச் சுற்றியுள்ள இடம். சொளகும் கடவமும் ஓலைப்பெட்டியும் வெயில் காயும். பித்தளை ஏனங்களுக்கென்று ஒரு நாள். புளியின் புளிப்பு கறுப்பை அரித்தெடுக்க, சாம்பல் மினுக்கிக் கொடுக்கும். ஏனம் கழுவும் அங்கணக்குழிக்குத் தனியாக ஒரு நாள். வாசல் பக்கத்துத் தார்சா கடைசி. யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. மார்கழியில் நாள் நிறைய இருந்தது. முற்றத்தில் வெயில் ஏறிவிட்டால் எந்த மூலையானாலும் அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட வேண்டும்.

ஆண்கள் கை வைத்தது வெள்ளையடிக்க மட்டும்தான். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதிக்கும். கிட்டே போகக் கூடாது என்று எங்களை விரட்டுவார்கள். நீற்றிய சுண்ணாம்பை மறுநாள் துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து, நுனி நசுக்கிய தென்னம் மட்டையால் அடிப்பார்கள். காரம் மிகுந்த அந்தப் பூச்சில் பூசணம் எளிதில் பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். ஆனாலும் சுவரின் ஈரம் வெளியேற வழி விடும். இன்றைய பிளாஸ்டிக் பெயிண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து, அடுத்த சாரலுக்குக் கொப்புளமாய் உரிவதைப் பார்க்கும்போது அந்தச் சுண்ணாம்பு வாசனைக்கு மனம் ஏங்குகிறது.

தட்டட்டியில் நின்றால் காசி விசுவநாதர் கோயில் தெரியும். நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் மறுபடி எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 1990-இல் குடமுழுக்கு நடந்தது. சுத்தத்துக்குக் கை கொடுக்க இலஞ்சியிலிருந்து சித்தி வருவாள், மேலகரத்திலிருந்து அத்தை வருவாள். ஏணி பக்கத்து வீட்டுடையது. இங்கே முடிந்ததும் அதே ஏணியோடு எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போவார்கள்.

அந்த வீடு இன்று இல்லை. ஆச்சியும் சித்தியும் இல்லை. மச்சும் குலுக்கையும் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தக் கைகள் போனதுதான் ஆறவில்லை. இப்போது ஒரு வீட்டின் அழுக்கு முழுவதும் ஒரே ஒருத்திக்கு. அவளும் வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறவள். அன்றைக்கும் முதுகு ஒடிந்தது பெண்களுக்குத்தான். ஆனால் ஒடிகிற முதுகுகள் பல இருந்தன, பேச்சுத் துணை இருந்தது, நடுவில் ஒரு வாய் காப்பி இருந்தது.

ஆச்சியின் கணக்கை இன்றும் வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாள் ஒன்றில் வீட்டையே கவிழ்த்துப் போட்டு, மறுநாள் படுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஓர் அலமாரித் தட்டு; நாளைக்குச் சமையலறைத் தொட்டிக்கு அடிப்பக்கம். மழைக்காற்று மோதும் சுவரில் ஒட்டி நிற்கும் பீரோவை முதலில் நகர்த்துங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். அரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். ஒன்றிரண்டு மூலை மிச்சமிருந்தாலும் தை பிறக்கத்தான் செய்யும்.

மூலைகளைப் பங்கு போடும்போது மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள். பரணை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் எல்லா மூலைக்கும் ஒருத்தியாய் நின்ற அம்மாவுக்கு இந்த மார்கழியில் பங்கே வேண்டாம்.