பினாங்கிற் பசியாறினோம்

கடல் கடந்து முதன்முறையாகப் புறப்படுவோரிடம் உற்றாரும் அயலாரும் கேட்கும் கேள்விகள் பல. போகும் ஊர் எது, தங்குமிடம் எங்கே, செலவு எவ்வளவு என்றெல்லாம் கேட்டு முடித்த பின்னர், குரலைச் சிறிது தாழ்த்தி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். மற்றைய கேள்விகள் வெறும் விடுப்பு, இதுவொன்றே கவலை. அந்நியர் கையால் உண்பது பற்றிய தயக்கம் நம்மவரிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது.

மலேசியாவைச் சேர்ந்த பினாங்குத் தீவுக்கு நாம் புறப்பட்டபோதும் இக்கேள்வி எழாமல் இல்லை. உடன் வந்த மாமி சைவ உணவினர். மச்சம் காய்ச்சிய சட்டி இருக்கும் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவர். ஆதலின், பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் நிரம்பிய தகரப்பேணியொன்று எமது பயணப் பெட்டியில் முதலிடம் பெற்றது. கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து பினாங்குக்கு மேலும் ஒரு மணி நேரம். கடிகார முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்திவிட்டு அத்தீவின் மண்ணில் அடிவைத்தோம்.

உண்மையில் அந்த மண் நம்மவர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும், திறைசேரியிலும், நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞராயும் மேற்பார்வையாளராயும் கடமையாற்றினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகளும், ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் அவர்களுக்கு வாய்த்த 'மலாயாப் பென்சன்காரர்' என்ற பட்டமும் நம் கிராமங்கள் நன்கறிந்தவை. கொழும்பிலிருந்து கிழக்கே சென்ற கப்பல்களிற் பல பினாங்கைத் தொட்டுச் சென்றவையே.

ஒரே வீதியில் நான்கு வழிபாட்டிடங்கள்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டார். அவர் அமைத்த துறைமுகப் பட்டினமே ஜோர்ஜ் டவுன். வணிகம் நாடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். சீனத்தின் தென்கரையிலிருந்து ஹொக்கியன் மக்களும், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும், சுமாத்திராவிலிருந்தும் சீயத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிறரும் வந்து, அங்கிருந்த மலாயரோடு கலந்து வாழலாயினர். 2008ஆம் ஆண்டில் இப்பட்டினமும் மலாக்காவும் ஒருங்கே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

பழைய நகரின் ஒரு வீதி வழியே சென்றால், 1818இற் கட்டி முடிக்கப்பட்ட சென் ஜோர்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தெய்வமாகிய குவான் யின் கோயில், மகாமாரியம்மன் ஆலயம், 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் சில நிமிட நடையிற் கண்டுவிடலாம். சிங்கள பௌத்தர்கள் 1918இல் அமைத்த மகிந்தராம விகாரையும் இந்நகரில் உண்டு. தைப்பூசத் திருநாளில் தண்ணீர்மலை முருகனை நோக்கி வெள்ளி இரதம் செல்லும்போது, சீனர்களும் வீதியோரத்திற் குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்து நேர்த்தி செலுத்துவர். இரதம் அணுகுமுன் வீதியெங்கும் இளநீர் ஓடும் எனக் கேட்டு மாமி கைகூப்பினார்.

எனினும், பினாங்கின் உள்ளத்தை அறிய விரும்புவோர் கோயில்களோடு நின்றுவிடலாகாது. அந்தி சாய்ந்ததும் அதன் உணவுச் சந்தைக்குச் செல்ல வேண்டும்.

மேசையின் சட்டம்

உணவுச் சந்தை என்பது திறந்த வெளியிலோ, பெரிய கொட்டகையின் கீழோ அமைந்திருக்கும். ஓரங்களில் வரிசையாகச் சிறு கடைகள். நடுவிலே மேசைகளும் கதிரைகளும். ஒரு கடைக்காரர் பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் ஆக்குவார். காலமெல்லாம் அதையே ஆக்கிக் கைதேர்ந்திருப்பார். உண்போர் மேசையொன்றைப் பிடித்துக்கொண்டு, விரும்பிய கடைகளிற் சென்று வேண்டியதைச் சொல்லி, மேசையின் இலக்கத்தையும் கூறிவிட்டு வந்தமரலாம். உணவு மேசைக்கே வந்து சேரும். அப்போதே பணம் கொடுத்துவிட வேண்டும். அங்குள்ள நாணயம் ரிங்கிட்; அந்நாட்டுத் தமிழர் அதனை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர்.

முதலில் எமது கண்ணைக் கவர்ந்தது சார் குவே தியாவ் என்ற பண்டம் ஆக்கும் கடை. அரிசிமாவில் நாடாப்போலச் செய்த தட்டையான பட்டிகளை, இறாலும் மட்டியும் முட்டையும் முளைவிட்ட பயறும் சேர்த்து, பெரிய இரும்புத் தாச்சியிற் சுளுந்து எரியும் தீயின்மேற் புரட்டியெடுக்கின்றனர். கைதேர்ந்தவர் ஒரு தடவைக்கு ஒரு கோப்பைக்கு மேல் ஆக்குவதில்லை. பத்துப்பேர் காத்து நின்றாலும் பத்துத் தடவை தாச்சியைச் சூடேற்றுவாரேயன்றி, ஒன்றாக அள்ளிக் கொட்டமாட்டார். சுவையின் இரகசியம் அந்தத் தீயிலும் அந்தப் பொறுமையிலுமே இருக்கின்றது.

அடுத்தது அசாம் லக்சா. அசாம் என்றால் மலாய் மொழியிற் புளிப்பு. கும்பளா இன மீனை அவித்து உதிர்த்து, புளியும் மிளகாயும் எலுமிச்சம்புல்லும் கூட்டிக் காய்ச்சிய குழம்பில் அரிசிமாச் சேமியாவை இட்டு, மேலே அன்னாசியும் வெள்ளரியும் புதினாவும் தூவித் தருகின்றனர். இதிற் புளிக்குச் சேர்க்கும் காய்ந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தோம். நமது கொறக்காப்புளியின் நெருங்கிய உறவாகிய மரத்தின் கனியே அது. அந்நியம் என்று எண்ணிய கோப்பையின் அடியிலே தென்னிலங்கை மீன் குழம்பின் மணம் இருக்கக் கண்டோம்.

காவுதடியிற் பிறந்த சோறு

பினாங்கின் பெயரைச் சொன்னால் மலேசியர் நினைப்பது நாசி கண்டார். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிலே சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம்கள் அக்காலத்திற் காவுதடியின் ஒரு முனையிற் சோற்றையும் மறுமுனையிற் கறிகளையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர் இருக்குமிடம் தேடிச் சென்று விற்றனர். காவுதடி மறைந்து கடைகள் எழுந்தபின்னும் பெயர் மாறவில்லை. சோற்றின்மேல் ஒரு கறியை மட்டும் விடுவதில்லை. மீன், கோழி, ஆட்டிறைச்சி எனப் பல கறிகளின் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகின்றனர். தாராளமாக ஊற்ற வேண்டுவோர் 'பாஞ்சிர்' என்று கேட்கலாம். அதன் பொருள் வெள்ளப்பெருக்கு! பெயருக்கேற்பச் சோறு அதில் மூழ்கித்தான் போகின்றது.

கடற்கரையிற் சுமை தூக்கியவனின் பகல் உணவு இன்று சீனரும் மலாயரும் தமிழரும் வரிசையில் நின்று வாங்கும் பண்டமாகிவிட்டது. தமிழ் வணிகர் விட்டுச் சென்ற தடம் உணவோடு நிற்கவில்லை. மலாய் மொழியிற் கடையைக் கெடாய் என்கின்றனர். கப்பல் காப்பால் ஆகியிருக்கின்றது. பெட்டி பெத்தி என வழங்குகின்றது. சுருட்டுச் செருத்து ஆயிற்று. கறியோ கறியாகவே இருக்கின்றது. கடைப் பலகைகளில் 'கெடாய் கோப்பி' என்று கண்டவிடத்து எவரும் பொருள் சொல்லாமலே நாம் உள்ளே நுழைந்தோம்.

கொண்டதும் கொடுத்ததும் இருபக்கமும் உண்டு. நம் நாட்டிற் புதுவருடத்துக்குக் கிண்டும் தொதல் அங்கே டோடோல். நாம் கறிக்குத் தாளிக்கும் ரம்பை இலையை அவர்கள் பண்டான் என்று பெயரிட்டுப் பலகாரங்களிற் சேர்க்கின்றனர். தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் ரம்பையும் சேர்த்துக் கிண்டிய காயா என்ற பாகைப் பாணிற் பூசி உண்டபோது, நம்மூர் வட்டிலப்பம் நினைவில் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த மலாயர் நமது அடுக்களைக்கும் சில சுவைகளைக் கொண்டுவந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

சாதிக்காயையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் மலுக்குத் தீவுகளிலிருந்து கொணர்ந்து இங்கு நட்ட மரம் அது. நாம் கொட்டையையும் சாதிபத்திரியையுமே பெரிதாகப் பயன்படுத்துகின்றோம். பினாங்கிலோ, கொட்டையைச் சூழ்ந்த சதையைச் சீனியில் ஊறவைத்தும் பிழிந்து பானமாக்கியும் விற்கின்றனர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அறியத்தக்க செய்தி இது.

மாமியின் உறவு

இவற்றுட் பெரும்பாலானவை மாமிக்கு ஆகாதவை. முதல் நாள் அவர் தமது தகரப்பேணியை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். கூட்டம் மிகுந்திருந்தபடியால், எதிரிலிருந்த வெற்றுக் கதிரையில் முதிய சீனரொருவர் தலையசைத்து அனுமதி கேட்டு வந்தமர்ந்தார். அவ்வூரில் அது வழக்கம். மாமி எதையும் உண்ணாததைக் கண்ட அவர் காரணம் விசாரித்தார். தேநீர் கொணர்ந்த தமிழ்ப் பையன் மொழிபெயர்த்தான்.

செய்தியறிந்த முதியவர் தமது இறைச்சிக் கோப்பையை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினார். பின்னர், தாமும் சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மச்சம் தொடுவதில்லை என்று கூறினார். சீன மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. முதல் நாள் அமாவாசை, பதினைந்தாம் நாள் பூரணை. மாமி வியப்போடு, "அப்படியென்றால், ஐயா நம்மைப் போல விரதகாரர்தான்" என்றார். முதியவர் கைநீட்டிக் காட்டிய திசையிற் சீனச் சைவக் கடையொன்று இருந்தது. சோயாக் கட்டியும் காளானும் கீரையும் கொண்டு ஆக்கிய உணவு அங்கே கிடைத்தது. பிறகு, ரம்பைச் சாறு கலந்த பச்சை நிற மாவிழைகளைத் தேங்காய்ப்பாலும் சீவிய பனிக்கட்டியும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துத் தரும் செண்டோலும் வந்தது. பாகை நாவில் வைத்த மாமி, "இது நமது பனங்கட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரி" என்றார். தென்னஞ்சாற்றிற் காய்ச்சியது என்று அறிந்தபோது, உறவுமுறை சரியே என்று உறுதிசெய்தார். தகரப்பேணியும் திறந்தது. பருத்தித்துறை வடை முதியவர் கையிற் சேர்ந்தது. அதன் உறைப்பு அவருக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அவர் இரண்டாவதையும் எடுத்ததே சான்று.

மூன்று மொழியில் ஒரே கேள்வி

பினாங்கில் ஒருவரையொருவர் காணும்போது நலம் விசாரிக்கும் முறை எம்மை மிகவும் கவர்ந்தது. மலாயர் "சுடா மாக்கான்?" என்பர். ஹொக்கியன் சீனர் "சியாக் பா புவே?" என்பர். இரண்டுக்கும் பொருள், சாப்பிட்டாயிற்றா என்பதே. அந்நாட்டுத் தமிழரோ, "பசியாறிவிட்டீர்களா?" என்கின்றனர். காலை உணவுக்கு அவர்கள் வழங்கும் சொல் பசியாறுதல். நாம் ஏடுகளிற் படித்த இனிய சொல் அங்கே தெருவில் உயிரோடு உலவுகின்றது.

அந்த மேசைகளில் எல்லோரும் எல்லாவற்றையும் உண்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முஸ்லிம்கள் ஹலால் உணவு விற்கும் கடைகளையே நாடுகின்றனர். இந்துக்களிற் பலர் மாட்டிறைச்சியை ஒதுக்குகின்றனர். மாமி மச்சம் முழுவதையும் ஒதுக்கினார். எவரும் தமது நெறியைக் கைவிடவில்லை. பிறர் நெறியை எள்ளவுமில்லை. கோப்பை வேறாயினும் மேசை ஒன்றாக இருந்தது.

இதனைக் கண்டபோது நம்மூரை நினையாதிருக்க இயலவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் எல்லோரும் சமமாக அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமைக்காக, 1960களின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒரே மொழி பேசி ஒரே தெய்வத்தை வணங்கியோரிடையேதான் அந்தச் சுவர் நின்றது. மலேசியாவிற் பிணக்கே இல்லை என்று கூற வரவில்லை. 1969 மே மாதம் 13ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரம் அந்நாட்டு வரலாற்றில் ஆறாத வடு. 1958ஐயும் 1983ஐயும் கண்ட நாம் அத்தகைய வடுவை நன்கறிவோம். ஒரு மேசையில் உண்பதனால் மட்டும் பகை ஒழிந்துவிடாது. ஆயினும், அயலானின் கோப்பையில் என்ன இருக்கின்றது, அவன் எந்நாளில் விரதமிருக்கின்றான் என்று அறிந்தவன் அவனைப் பற்றிய கட்டுக்கதைகளை எளிதில் நம்பமாட்டான்.

முதன்முறை வெளிநாடு செல்வோர் ஊர்ப் பலகாரத்தைத் தாராளமாகக் கொண்டு செல்லலாம்; அதிற் குறையொன்றுமில்லை. ஒரு பாதியைத் தமக்கென்றும் மறுபாதியை எதிரே வந்தமர்பவர்க்கென்றும் பிரித்துக் கட்டிக்கொள்ளட்டும். தமது நெறிக்கு ஏற்றது எது, ஏலாதது எது என்று வெட்கமின்றிக் கேட்கட்டும்; கேட்போரை எவ்வூராரும் வெறுப்பதில்லை. கோபுரங்களின் படங்களை எவரும் வாங்கி வரலாம்; பசியாறிய நேரத்திற் கிடைக்கும் உறவை அங்கே சென்று அமர்ந்தே பெற வேண்டும்.