அன்பியமும் ஆறு மாச மாத்திரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. வழக்கமா சுகர், பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற ஆள் இன்னைக்குக் கோயில் கூட்டத்தைப் பத்தி எழுதப் போறேன். இதுலயும் ஒரு நோய் வரும், கவலைப்படாதீங்க.

இதில் வரும் அண்ணாச்சி என் நோயாளி. எழுதலாமான்னு அவர்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் கேட்டேன். "பேரைப் போடாதீங்க டாக்டர், மத்தபடி எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்"னு சொன்னாங்க. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். எங்க பங்குல நானூறு குடும்பத்துக்கு மேல இருக்கு. ஞாயிறு பூசைக்கு எல்லாரும் வருவோம். முன்னால உட்கார்ந்திருக்கிறவர் முதுகு நல்லாத் தெரியும், வீட்டு நிலவரம் தெரியாது. அதனால பங்கை முப்பது முப்பது குடும்பமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புனிதர் பேரை வச்சு, மாசத்துக்கு ரெண்டு தடவை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுறோம். இதுக்குப் பேருதான் அன்பியம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இப்படிப்பட்ட சிறு குழுக்கள் பரவின. 1990-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்களும் திருச்சபை இந்த வழியில்தான் வளரணும்னு வலியுறுத்தினாங்க. தமிழில் அதுக்குக் கிடைச்ச பேர் ரொம்ப அழகான பேர். அன்பியம்.

பேர் அழகுதான். நடைமுறை? உள்ளதைச் சொல்றேன். ஜெபமாலை, ஒரு பாட்டு, ஒரு வாசகம், டீச்சர் அக்கா பத்து நிமிஷம் விளக்கம், திருவிழா வரி பாக்கி யார் யாருன்னு ஒரு பட்டியல், சுண்டல், காபி. முக்கால் மணி நேரத்தில் செருப்பைத் தேடிக்கிட்டு இருப்போம்.

எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. எப்பவாவது போவேன். போனா, "டாக்டர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க"ம்பாங்க. டெங்கு கொசுவைப் பத்தி, உப்பைக் குறைக்கிறதைப் பத்திப் பேசுவேன். எல்லாரும் ஜமக்காளத்தில் இருப்பாங்க, எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சேர். அஞ்சு வருஷம் அந்தச் சேர்லதான் உட்கார்ந்தேன். அதுல இருந்து பார்த்தா எல்லார் உச்சந்தலையும் தெரியும்.

எங்க அன்பியத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறது அண்ணாச்சிதான். தையல்காரர். அவர் முதல் வரியைப் பிடிச்சாதான் மத்தவங்க வாய் திறக்கும். அவர் ஒருநாள் கிளினிக்குக்கு வந்தார். மூணு வாரமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிக்கலைன்னார். தன் பேன்ட்டைத் தானே ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சிருக்கார். சளியை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிபிநாட் பரிசோதனையில் காசநோய் உறுதியாச்சு. மருந்துக்கு அடங்குற வகைதான். ஆறு மாசம் விடாம மாத்திரை போட்டா குணமாகிற நோய்.

இதையெல்லாம் பொறுமையாச் சொன்னேன். கேட்டுக்கிட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "டாக்டர், அன்பியத்துல மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

கவனிச்சீங்களா? கடைக்கு வர்றவங்களைச் சொல்லலை. சம்பந்தி வீட்டைச் சொல்லலை. கூடவே உட்கார்ந்து ஜெபிக்கிறவங்களுக்குத்தான் தெரியக் கூடாதுன்னார்.

ஆரம்ப வாரங்களில் கூட்டமா இருக்கிற இடத்துக்குப் போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன். ரெண்டு மாசம் முடிஞ்சு சளியில் கிருமி இல்லைன்னு ஆன பிறகும் அவர் வரலை. கூட்டத்தில் பேச்சு கிளம்புச்சு. திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டார்னு ஒருத்தர். வேற சபைக்குப் போறார்னு இன்னொருத்தர். வரி விஷயத்தில் கோபம்னு மூணாவது ஆள். பாட்டு மட்டும் யாராலயும் சரியா எடுக்க முடியலை.

எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்க முடியாது. நோயாளி ரகசியம்னா ரகசியம்தான், அது அன்பியமா இருந்தாலும் சரி, ஆயரே கேட்டாலும் சரி. "உங்ககிட்டதானே வைத்தியம் பார்க்கிறாரு, என்னவாம்?"னு ஒருத்தர் கேட்டார். "அவரையே போய்க் கேளுங்களேன்"னேன். ஒருத்தரும் போகலை. நானும்தான். டாக்டரா அவரை மாசாமாசம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதே தெருக்காரனா அவர் வீட்டு வாசப்படியை ஒருநாள் மிதிச்சதில்லை.

மூணாவது மாசம் காசநோய் பிரிவிலிருந்து போன். ஒன்பது நாளா அண்ணாச்சி மாத்திரை போடலை. மருந்தை இப்படி விட்டு விட்டுப் போட்டா மிஞ்சுற கிருமி அந்த மருந்துக்கே பழகிரும். அப்புறம் வேற மருந்து, கூடுதல் பக்க விளைவு, கூடுதல் காலம். அன்னைக்கு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் மேல துணி போட்டு மூடியிருந்துச்சு. "மருந்து நல்லா வேலை செய்யுது டாக்டர். நான் எதுக்கு நல்லாகணும்னுதான் தெரியலை"ன்னார். இதுக்கு என்கிட்ட மருந்துச் சீட்டு இல்லை. மாத்திரையை மட்டும் மறுபடி தொடங்க வச்சிட்டு வந்தேன். எத்தனை நாளைக்குப் போடுவார்னு எனக்கே நம்பிக்கை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் வந்தாங்க. இனிமே விளக்கவுரை வேண்டாம், ஏழு படி முறையில் வாசிப்போம்னாங்க. தென்னாப்பிரிக்காவில் லும்கோங்கிற பயிற்சி நிறுவனத்தில் உருவாகி உலகம் பூரா போன முறை இது. முதல்ல ஆண்டவரை அழைக்கிறது. அப்புறம் வாசகம். மூணாவது, மனசைப் பிடிச்ச ஒரு சொல்லையோ தொடரையோ அவங்கவங்க சத்தமா சொல்றது. நாலாவது மௌனம். அஞ்சாவது, நம்மைத் தொட்டதைப் பகிர்றது. ஆறாவது, நாம என்ன செய்யணும்னு பேசுறது. கடைசியா அவங்கவங்க வார்த்தையில் ஜெபம்.

அன்னைக்கு வாசகம் மாற்கு நற்செய்தி 2-ம் அதிகாரம். நடக்க முடியாத ஒருத்தரை நாலு பேர் கட்டிலோட தூக்கிட்டு வர்றாங்க, கூட்டத்தால உள்ளே நுழைய முடியலை, கூரையைப் பிரிச்சு இயேசுவுக்கு முன்னால இறக்குறாங்களே, அது. அண்ணாச்சி மனைவி அன்னைக்கு வந்திருந்தாங்க, கதவோரமா.

சொல் சொல்லச் சொன்னாங்க. ஒருத்தர் "கூரை"ன்னார். ஒருத்தர் "கூட்டம்"னார். டீச்சர் அக்கா பழக்க தோஷத்தில், "அந்தக் காலத்துப் பாலஸ்தீன வீடுகள்ல..."ன்னு ஆரம்பிச்சாங்க. சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே, "டீச்சர், ஒரு சொல் போதும்"னாங்க.

அப்புறம் மௌனம். மூணே நிமிஷம். ஃபேன் சத்தம் மட்டும். அவ்வளவு நேரம் நாங்க சேர்ந்து சும்மா இருந்ததே இல்லை. ஆளாளுக்கு நெளிஞ்சோம். நான் ரகசியமா வாட்ச்சைப் பார்த்தேன்.

கதவோரத்தில் இருந்து சத்தம் வந்துச்சு. "அவருக்கு நாலு பேர் இருந்தாங்க. எங்க வீட்டுல தூக்குறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்." அப்படியே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. டிபி, மாத்திரை, நிறுத்தினது, ராத்திரியெல்லாம் அவர் உட்கார்ந்தே இருக்கிறது.

நம்ம மக்கள் உடனே கட்டிப் பிடிச்சு அழுதாங்கன்னு எழுத ஆசைதான். அப்படி நடக்கலை. ஒரு அம்மா பக்கத்தில் இருந்த பிள்ளையை இழுத்து மடியில் வச்சுக்கிட்டாங்க. ரெண்டு மூணு பேர் காபி டம்ளரைப் பார்த்தாங்க. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

நான் அந்த அக்காவைப் பார்த்தேன். தலையாட்டினாங்க. அதுக்கப்புறம்தான் பேசினேன். இங்கே உங்களுக்கும் சொல்லிடுறேன், கேட்டுக்கோங்க. நுரையீரல் காசநோய் இருமும்போது காற்றில் பரவுது. டம்ளர், தட்டு, துணி, கை குலுக்கிறது எதுலயும் பரவாது. சரியான மருந்தைத் தொடர்ந்து எடுத்தா சில வாரங்களில் பரவும் வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிரும். வீட்டில் கூட இருக்கிறவங்க பரிசோதனை செஞ்சுக்கணும், தேவைப்பட்டா தடுப்பு மாத்திரை எடுக்கணும். மருந்து இலவசம். சத்துணவுக்கு அரசு தர்ற தொகை 2024 நவம்பரில் இருந்து மாசம் 1000 ரூபாய். அப்புறம், ஜெபம் பண்றோம்னு ஜன்னலை ஏன் சாத்தி வைக்கிறோம்? திறந்து வச்சாலும் கடவுளுக்குக் கேட்கும்.

ஆறாவது படி. என்ன செய்யலாம்னு சிஸ்டர் கேட்டாங்க. "அவருக்காக ஜெபிப்போம்"னு வழக்கமான பதில் வந்துச்சு. எழுபது வயசு ஆச்சி ஒருத்தங்க இடைமறிச்சாங்க. "ஜெபம் சரி. மாத்திரை எத்தனை மணிக்கு?"

நான் பத்து வருஷம் மறைக்கல்வி படிச்சவன். கேள்வி பதில் மனப்பாடம் ஒப்பிச்சுப் பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். திருச்சபை என்றால் என்னங்கிற கேள்விக்கு அன்னைக்குத்தான் எனக்குப் பதில் கொஞ்சம் புரிஞ்சுது.

மறுநாள் காலையில் இருந்து ஏழரை மணிக்கு யாராவது ஒருத்தர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாங்க. ஆச்சி முட்டையோட போவாங்க. டீச்சர் அக்கா பேப்பரோட. கணக்குப் பார்க்கிற அண்ணன் வரி நோட்டோட போய், வரியைப் பத்திப் பேசாம திரும்பி வந்தார், அதுவே பெரிய விஷயம். வியாழக்கிழமை என் முறை. முதல் வாரம் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கிட்டுப் போனேன். "அதைக் கழட்டி வச்சிட்டு உட்காருங்க டாக்டர்"னு அண்ணாச்சியே சொன்னார்.

நடுவில் விட்ட நாட்களையும் சேர்த்து மாத்திரைக் கணக்கை முடிச்சார். கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. இப்ப எடை ஏழு கிலோ கூடியிருக்கு. பேன்ட்டைப் பிரிச்சுத் தச்சிருக்கார். மேல் ஸ்தாயிக்குப் போனா மூச்சு வாங்குது, அதனால பாட்டைக் கொஞ்சம் கீழே பிடிக்கிறார். எங்களுக்கும் அதுதான் வசதி.

எங்க மறைக்கல்வி வகுப்பில் இதே வாசகம் வந்தப்ப ஆச்சியோட பேரன் கேட்டான், "அந்த நாலு பேருக்கும் பேர் என்ன?" மாற்கு எழுதலைடான்னேன். "எங்க ஆச்சி மாதிரி ஒரு ஆச்சியும் இருந்திருப்பாங்களா?"ன்னான்.

எல்லாம் சுபம்னு நினைச்சிராதீங்க. அன்னைக்குப் பிள்ளையை மடியில் இழுத்து வச்ச அம்மா குடும்பம் அதுக்கப்புறம் கூட்டத்துக்கு வரலை. எனக்கு அவங்க மேல கோபம் இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அவங்க பயத்தைத் தனியாப் போய் உட்கார்ந்து யாரும் கேட்கலை. அண்ணாச்சிக்குச் செஞ்ச அதே தப்பு.

அடுத்த கூட்டம் முறைப்படி அவங்க வீட்டில் நடக்கணும். இன்னைக்குக் காலையில் ஆச்சி பேசிட்டு வர்றேன்னு போயிருக்காங்க. கூட அண்ணாச்சியும் போயிருக்கார்.