பூனையை எலி துரத்தினால்

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு மொழி கற்பிக்கும் எங்கள் வேலையில் பெரும்பொழுது பெயர்ச்சொற்களுக்கே போய்விடுகிறது. பட அட்டையைக் காட்டி நாய், பந்து, தட்டு என்று சொல்லவைக்கிறோம். ஐம்பது சொல் வந்துவிட்டது என்றால் பெற்றோர் முகம் மலர்கிறது, மலர வேண்டியதுதான். ஆனால் தமிழில் யார் யாரை என்ன செய்தார் என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது. 'பூனை எலியைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை எலி துரத்தியது' என்றாலும், இந்தக் குழந்தைகளில் பலர் பொம்மைப் பூனையைத்தான் எலிக்குப் பின்னால் ஓடவிடுவார்கள். பூனை, எலி, துரத்தல் என்ற மூன்றும் காதில் விழுந்தன; மீதியை ஊகம் நிரப்பிவிட்டது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமைவதால், குழந்தைக்கு எல்லாம் புரிகிறது என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

அந்த வால்தான் கேட்பதற்குக் கடினமான இடம். வேற்றுமை உருபு குறுகியது, அழுத்தமில்லாதது, வாக்கிய ஓட்டத்தில் தேய்ந்துபோவது. வினையின் விகுதியும் அப்படித்தான்: பேச்சில் 'வந்தான்' என்பதன் 'ன்' கரைந்து, வெறும் மூக்கொலியாக மிஞ்சுகிறது. அதுவும் கேட்காத குழந்தைக்கு அண்ணன் வந்தானா, அக்கா வந்தாளா, 'வந்தா பார்க்கலாம்' என்கிறார்களா என்ற மூன்றும் ஒன்றே. உதட்டைப் பார்த்தும் பயனில்லை: அந்த மூக்கொலி உதட்டில் தெரியாது, பணமும் மணமும்கூட அங்கே ஒன்றுதான். தூரமும் சேர்ந்துகொள்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அடுப்படிப் பேச்சைக் கூடத்திலிருந்தே கேட்டு மற்றப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ளும் உருபுகள் இவர்களை எட்டுவதே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். அந்தக் கருவி ஒலிக்கு வழி திறக்கிறது. எந்த ஒலி எந்தப் பொருளைத் தாங்குகிறது என்பதை, காதருகே, தேய்க்காமல், பலமுறை கேட்டுத்தான் குழந்தை கண்டுகொள்ளும். முதலில் சொற்கள் சேரட்டும், இலக்கணம் பிறகு என்பது இன்னொரு வாதம். உருபில்லாமல் கேட்டுப் பழகிய காது பிறகு உருபைத் தேடாது என்பது என் கருத்து. அதற்காக வேற்றுமை வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்லவில்லை. அம்மா பாப்பாவுக்கு ஊட்டட்டும், பாப்பா அம்மாவுக்கு ஊட்டட்டும். விளையாட்டே உருபைக் கவனிக்கவைக்கும். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எந்தக் குழந்தையும் தலையாட்டும். ஊகத்தால் விடை காண முடியாத வாக்கியத்தைச் சொல்லி, செய்து காட்டச் சொல்வதே நேர்மையான சோதனை.

சைகை மொழி கொடுத்தால் இந்தச் சிக்கலே வராதே என்பவர்களின் வாதம்தான் வலுவானது. இந்திய சைகை மொழியில் செய்பவரும் செய்யப்படுபவரும் கண்ணெதிரே இடம் பிடித்துவிடுகிறார்கள். குழந்தைக்கு எதுவும் தவறிப்போவதில்லை. அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. யார், யாரை என்ற தெளிவோடு வரும் அந்தக் குழந்தைக்கும் பள்ளியில் தமிழ் வாசிக்க வேண்டியிருக்கிறது. வாலை அங்கேயும் பிடித்தாக வேண்டும். ஆகவே இரு வழிக்காரர்களிடமும் நான் கேட்பது எழுத்தை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லித்தான். காதில் தேயும் 'யை' தாளில் 'பூ' அளவுக்கே பெரிதாக நிற்கிறது. முதலில் பாடநூல் நடை வேண்டாம். வீட்டுப் பேச்சையே 'பூனைய எலி தொரத்துச்சு' என்று எழுதி, அந்த 'ய'வின் மேல் விரலை வைத்துப் படிக்கலாம்.