இரண்டு மஞ்சள்

அம்மாவின் அறைக்கு மஞ்சள்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த மஞ்சள் என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி. ஷேடு கார்டில் இரண்டைச் சுழித்து வைத்திருந்தேன். ஒன்று, வெந்த துவரம்பருப்பில் நெய் விட்டது மாதிரி. இன்னொன்றில் ஒரு சொட்டுச் சிவப்பு தூக்கல், பழுத்த பங்கனபள்ளியின் சதை. கார்டில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை.

"கார்டை நம்பாதீங்க சார். நாலு சுவரும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். அடிச்சப்புறம் இன்னும் மஞ்சளாத் தெரியும்" என்றார் பெயிண்டர். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் மஞ்சளாகித்தானே எதிர்ச்சுவருக்குப் போகிறது! ஜன்னலுக்கு எதிரே பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டடிக்கு இரண்டடியாக இரு சதுரங்கள் பூசிவிட்டுப் போனார்.

சின்ன வயதில் இந்த வம்பே கிடையாது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு. நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவியைக் கரைத்து ஊற்றுவார்கள். அளவெல்லாம் கலக்குகிறவர் கைக்குத்தான் தெரியும். வாளிக்கு வாளி ஒரு மஞ்சள், யாரும் ஏனென்று கேட்டதில்லை.

காலையில் பருப்பு மஞ்சள்தான் அழகு. நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கினால் மாம்பழ மஞ்சள் கிட்டத்தட்ட ஆரஞ்சு. ராத்திரி விளக்குப் போட்டதும் பருப்பில் ஒரு பச்சை ஓடியது, ஆஸ்பத்திரி வராந்தா போல. 6500 கெல்வின் பல்பைக் கழற்றி 3000 கெல்வின் மாட்டினேன், பச்சை போன இடம் தெரியவில்லை. பெயிண்ட் வாங்கப் போய் பல்பு வாங்கினேன்.

கடைசியில் அம்மாவையே கேட்டோம். போன மாதம்தான் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இடது கண் பாக்கி. கட்டிலில் உட்கார்ந்தபடி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை. மறுபடியும் இடது.

"புதுக் கண்ணுக்கு ரெண்டும் வேற வேறயாத் தெரியுதுடா. பழைய கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுமே அழுக்கு."

புரை முற்ற முற்றக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியை மறித்துவிடுமாம். அப்படியானால் அம்மா பல வருடமாக மஞ்சள் அறையில்தான் படுத்து எழுந்திருக்கிறாள், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில்.

"அடுத்த கண்ணும் ஆகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டாள். பெயிண்டர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். இரண்டு சதுரங்களுக்கும் இடையில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறோம், அம்மா ஏகாதசி பார்ப்பதற்கு.