எஞ்சின் வராத விமானம்

பழைய வேன் ஒன்றை வாங்கி அதைப் பயண வீடாக மாற்றியவர்கள் சில காலத்தில் ஒரே முடிவுக்கு வந்து சேர்வர்: எஞ்சின் போதவில்லை. கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் ஏறிய பின் மலைப்பாதையில் வண்டி திணறும். மேலை நாடுகளில் பழைய வோக்ஸ்வாகன் வேன்களில் சுபாரு எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் இவ்வாறே பரவியது. இரண்டிலும் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்த நிலையில் அமைந்தவை என்பதால் இடம் ஓரளவு ஒத்துப்போகிறது. ஆயினும் தேர்ந்த மெக்கானிக் குதிரைத்திறனைக் கடைசியில்தான் பேசுவார். எஞ்சின் எதன்மேல் உட்காரும், கியர்பாக்ஸ் தாங்குமா, ரேடியேட்டருக்கு இடம் எங்கே, பிரேக் போதுமா என்பவையே அவருடைய முதற்கேள்விகள்.

இந்தக் கேள்விகளைப் பெங்களூரு நகரம் மிகப் பெரிய அளவில் சந்தித்ததுண்டு. அங்கே வண்டியின் இடத்தில் இருந்தது ஒரு போர் விமானம்: எச்.எஃப்.-24 மாருத்.

இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கே-உல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க், அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1956-இல் தம் குழுவினருடன் பெங்களூரு வந்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகம் என்பதே விமானப்படை கேட்டது. டாங்க் வரைந்த உடல் அதற்கேற்ப ஒல்லியானது, கூர்மையானது. அதன் வயிற்றில் இரண்டு பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் பி.ஓ.ஆர்.12 எஞ்சின்கள் அமரும் என்ற கணக்கில் அது வரையப்பட்டது. ஆஃப்டர்பர்னருடன் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தரவல்லவை.

அந்த எஞ்சின் வரவேயில்லை. ஐரோப்பாவில் அதற்கான தேவை மறைந்ததும் பிரிட்டன் அதன் மேம்பாட்டைக் கைவிட்டது. மீதிச் செலவை இந்தியா ஏற்றால் பணி தொடரும் என்ற நிலையில், இந்தியா ஏற்கவில்லை. ஆகவே 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாக மாருத்தை வானில் செலுத்தியபோது, உள்ளே இருந்தவை ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள். உந்துவிசை ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,200 கிலோ. எண்ணியதில் ஐந்தில் மூன்று பங்கு. கேட்ட இருமடங்கு ஒலிவேகத்தை விமானம் எட்டவில்லை.

அதன்பின் நடந்தது ஒரு நெடிய தேடல். சோவியத் ஆர்.டி.-9எஃப் பரிசீலிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. எகிப்து அப்போது ஃபெர்டினாண்ட் பிராண்ட்னரின் தலைமையில் ஈ-300 என்னும் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாருத் ஹெல்வானுக்கு அனுப்பப்பட்டு, ஒரு பக்கம் ஈ-300, மறுபக்கம் ஆர்ஃபியஸ் என இரு வேறு எஞ்சின்களோடு 1967-இல் பறந்தது. அணிசேரா நாடுகளின் நட்பைப் பற்றிய எத்தனையோ மேடைப் பேச்சுகளைவிட இந்தப் பொருந்தா இணை அக்காலத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 1969-இல் எகிப்து தன் திட்டத்தை நிறுத்தியது. அந்தக் கதவும் அடைந்தது.

கையில் இருந்த எஞ்சினையே வலுப்படுத்துவது எஞ்சிய வழி. பெங்களூரின் எரிவளிச் சுழலி ஆய்வு நிறுவனமான ஜி.டி.ஆர்.ஈ., ஆர்ஃபியஸ் 703-க்கு ஆஃப்டர்பர்னர் உருவாக்கியது. எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான வளியில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிப்பதே ஆஃப்டர்பர்னரின் வேலை. சொல்வதற்கு எளிது. ஆனால் வெளியேற்றுக் குழாய் அகல வேண்டும். அதற்காக வாற்பகுதி பருக்க வேண்டும். பருத்த வால் காற்றின் இழுவையைக் கூட்டும். கூட்டிய விசையில் ஒரு பங்கை அந்த இழுவையே தின்னும். ரேடியேட்டருக்கு இடம் தேடும் மெக்கானிக்கின் கவலைதான் இது, அளவு மட்டும் வேறு. 1970 ஜனவரி 10 அன்று, இந்த மாற்றம் செய்யப்பட்ட முன்மாதிரி பெங்களூரில் புறப்படும்போதே விழுந்தது. அதை ஓட்டிய குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலைக்கு அவர் பெயர். நெரிசலில் நாள்தோறும் அதில் நின்று செல்வோருள் அப்பெயர் யாருடையது என அறிந்தோர் மிகச் சிலரே.

பிரிட்டன் கேட்ட பணத்தைக் கொடுத்திருந்தால் மாருத் வென்றிருக்கும் என்பது கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கும் வாதம். அது பாதி உண்மை. வேறு எவரும் வாங்காத ஓர் எஞ்சினுக்கு ஒரே வாடிக்கையாளராக நிற்பதில் உள்ள இடர் சிறிதன்று. உதிரிப்பாகம் ஒவ்வொன்றுக்கும் கையேந்த வேண்டியிருக்கும். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வேறொன்று புலப்படும். உடலை வரைய டாங்க் வந்தது 1956-இல். எஞ்சினுக்கான ஆய்வு அமைப்பு கான்பூரில் தொடங்கியது 1959-இல். அது பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது 1961-இல், மாருத் பறந்த அதே ஆண்டில். உடலை நாம் செய்வோம், எஞ்சினைக் கடையில் வாங்கிக்கொள்வோம் என்ற நினைப்பு அந்த வரிசையிலேயே பதிந்திருக்கிறது. 1962-இல் மிக்-21 தெரிவானபின் மாருத்துக்கு எஞ்சின் தேடும் அவசரமும் தணிந்தது.

இருந்தும் மாருத்தைத் தோல்வி என ஒதுக்குவது நேர்மையன்று. 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தாக்கும் பணியை அவை திறம்படச் செய்தன. ஓர் எஞ்சின் பழுதானபோதும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பின. விசை குறைந்த அந்த இரட்டை எஞ்சின்களே அங்கு உயிர் காத்தன.

மாருத்துக்குப் பின் அதே நகரில் உருவான தேஜஸ், 2001 ஜனவரி 4 அன்று முதன்முறை பறந்தது அமெரிக்க ஜி.ஈ. எஃப்-404 எஞ்சினில். அதற்கென 1989-இல் ஒப்புதல் பெற்ற காவேரி எஞ்சின் அதில் ஏறவில்லை. அடுத்த வடிவான மார்க் 2-க்கு வலிமை கூடிய எஃப்-414 தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்முறை பழைய உடலுக்குள் புதிய எஞ்சினைத் திணிக்க எவரும் முயலவில்லை. 13.2 மீட்டராக இருந்த நீளம் 14.6 மீட்டராயிற்று, காற்று உள்வாயும் இறக்கை அமைப்பும் மீண்டும் வரையப்பட்டன.